பஸ்ராவிலிருந்து மணியார்டர் வந்தது, கடுதாசி வரவில்லை

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் தபால் துறையிலிருந்து ராணுவ அஞ்சல் பிரிவுக்கு டெபுடேஷனில் போய்ப் பல வருடம் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். முதல் உலகப் போர்க் காலக் கடிதங்களைத் தேடிப் படிப்பவர்.)

*கேள்வி: என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் பஸ்ரா (இன்றைய இராக்) பக்கம் போய் அங்கேயே இறந்துபோனார். மாசாமாசம் மணியார்டர் வந்ததாம், ஒரு கடுதாசிகூட வரவில்லையாம். 'எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படிக் கடுதாசி போடுவார்' என்பார் பாட்டி. எழுதத் தெரியாத சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதவே இல்லையா? – வாசகி, குடியாத்தம்*

எழுதினார்கள் அம்மா, நிறையவே எழுதினார்கள். 1915இல் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடமிருந்து மட்டும் வாரத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கடிதங்கள் ஊருக்குப் புறப்பட்டன. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்பெனியில் எழுத்து தெரிந்த ஒருவர் இருப்பார், அவர் முன்னால் உட்கார்ந்து இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். ஊரில் கடிதம் போய்ச் சேரும்போது தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ வாசித்துக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடி நின்று கேட்பார்கள். மனைவியிடம் மட்டும் சொல்ல வேண்டியதை ஒரு மனிதன் அதில் எப்படிச் சொல்வான்? 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மாட்டையும் கடனையும் விசாரித்து முடித்துவிடுவான். அதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

மணியார்டர் வந்து கடுதாசி வராததற்கு ஒரு காரணம் சொல்ல முடியும். சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு என்று ஒதுக்கி எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தியாவில் இருந்த அவருடைய படைப்பிரிவு டிப்போ அந்தப் பணத்தை அனுப்பிவிடும். அதாவது அந்த மணியார்டர் பஸ்ராவில் அவர் கையிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. பணம் வந்துகொண்டிருந்த அதே மாதங்களில் அவர் தபாலே போக முடியாத இடத்தில் இருந்திருக்கலாம். 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை பஸ்ராவுக்கு வடக்கே, பிரிட்டிஷ் இந்தியப் படை தங்கியிருந்த குட் அல் அமாரா ஊர் துருக்கியர் முற்றுகையில் கிடந்தது. கடைசியில் சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள், அவர்களில் பெரும் பகுதி இந்தியர்கள். அந்த மாதங்களில் உள்ளே இருந்த சிப்பாயின் வீட்டுக்கு எது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பஸ்ராவில் போர் நினைவுச் சின்னம் எழுப்பியபோது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்களை மட்டும் வெட்டினார்கள். சாதாரணச் சிப்பாய்கள் அங்கே இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த எண்ணிக்கைக்குள் இருக்கலாம். அது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

*கேள்வி: போர்முனையில் இருந்து அவர்கள் உண்மையை எழுத முடிந்ததா? தணிக்கை இருந்ததாமே? – கல்லூரி மாணவர், திருச்சி*

இருந்தது தம்பி. முதலில் படைப்பிரிவிலேயே அதிகாரி பார்ப்பார். அதன்பின் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் இந்தியத் தபாலுக்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம். அதன் முதல் தலைமைத் தணிக்கையாளர் ஐ.சி.எஸ். அதிகாரியான ஈவ்லின் ஹோவெல். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து வெளிநாட்டு இந்தியர்கள் தொடங்கிய கதார் கட்சியின் பிரசுரங்கள் சிப்பாய்கள் கைக்குப் போய்விடுமோ என்ற பயம் அரசாங்கத்துக்கு. வந்ததில் ஒரு பகுதியைப் பிரித்துப் படித்து, முக்கியமானதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அறிக்கையோடு மேலே அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

தாங்கள் எழுதுவதை யாரோ படிக்கிறார்கள் என்பது சிப்பாய்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் மறைத்து எழுதினார்கள். 'கறுப்பு மிளகு எல்லாம் தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள்' என்ற மாதிரி சில கடிதங்கள். கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் வெள்ளைக்காரச் சிப்பாய். நம் ஆட்கள் செத்து முடிந்தார்கள், இனி ஊரிலிருந்து யாரையும் அனுப்பாதீர்கள் என்று அர்த்தம். தணிக்கையாளர்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் புரிந்துகொண்டிருப்பார்கள், சமையல் சாமானைப் பற்றித் தணிக்கையாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சிலர் மறைக்கவும் இல்லை. 1915 ஜனவரியில், இங்கிலாந்தில் மருத்துவமனையில் கிடந்த ராஜபுத்திரச் சிப்பாய் ஒருவர், இதைப் போர் என்று நினைக்காதே, இது உலகத்தின் முடிவு, நம் முன்னோர்களைப் பற்றி மகாபாரதத்தில் சொன்னார்களே அப்படிப்பட்டது என்று எழுதினார். அதே வருடம் மே மாதம் ஒரு ஹவில்தார், பலுசிஸ்தானில் இருந்த இன்னொரு வீரருக்கு, இந்தப் போருக்கு வராதே, வராதே, வராதே என்று மூன்று முறை எழுதினார். பீரங்கியும் துப்பாக்கியும் இரவு பகலாகச் சாவன் என்கிற மழைக்கால மாதத்து மழை மாதிரிப் பொழிகின்றன, இதுவரை தப்பியவர்கள் பானையில் வேகாமல் மிஞ்சிய சில மணிகள் மாதிரி என்றார்.

இந்த இரண்டு கடிதங்களையும் போரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் என்னைப் பிடித்து வைப்பவை வேறு கடிதங்கள். தங்கச்சி கல்யாணம் என்ன ஆயிற்று, நில வழக்கு எந்த நிலைமையில் இருக்கிறது, வட்டிக்காரனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அனுப்பிய பணம் வந்ததா இல்லையா. சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். பிரான்சில் முழங்கால் சேற்றில் நின்றவனின் மனசு அந்த 11 ரூபாயை ஊரில் எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் இருந்தது. நான் களத் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலும் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரிக்கு வந்த இன்லாந்து லெட்டரைப் பிரித்த ஜவான் முதலில் தேடியது அதைத்தான். லடாக்கில் ஒரு பையன் என்னிடம் வந்து, "சார், கை விறைச்சுப் போச்சு, காசு கிடைச்சுதான்னு மட்டும் நீங்களே கேட்டு எழுதிடுங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன். சண்டையைப் பற்றி எழுதச் சொல்லவே இல்லை. அம்மாவைப் பயமுறுத்த அவனுக்கு விருப்பமில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: உண்மையை எழுதினார்கள். சாவைப் பற்றி எழுதியதில் பாதியை மறைத்தார்கள். பணத்தைப் பற்றி எழுதியதில் எதையும் மறைக்கவில்லை.

*கேள்வி: வீட்டிலிருந்து பெண்கள் பதில் எழுதினார்களா? – ஆசிரியை, சாத்தூர்*

எழுதினார்கள் டீச்சர், யார் கையையாவது பிடித்துத்தான். தணிக்கை அறிக்கைகளில் மனைவிமார் கடிதங்களும் உண்டு. தனிமை, மாமியார் வீட்டுச் சண்டை, சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், எப்போது வருவீர்கள் என்ற கேள்வி. போர் நீள நீள தானிய விலை ஏறியது. 1918இல் விஷக் காய்ச்சல் வந்து இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. போர்முனையில் இருந்தவன் பிழைத்து வந்து, வீட்டில் இருந்தவர்கள் போய்ச் சேர்ந்திருந்த குடும்பங்கள் எத்தனையோ.

நீங்கள் ஆசிரியை என்பதால் இதையும் சொல்கிறேன். பிரான்சில் பண்ணை வீடுகளில் தங்கிய சிப்பாய்கள், ஆண்கள் போருக்குப் போய்விட்ட வீட்டில் பெண்களே ஏர் பிடிப்பதையும் கணக்கு எழுதுவதையும் கடிதம் படிப்பதையும் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர், என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று வீட்டுக்கு எழுதினார்கள். தன் கடிதத்தைத் தன் வீட்டுப் பெண்ணே படிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

*கேள்வி: அந்தத் தணிக்கை அறிக்கைகளில் தமிழ்க் கடிதங்கள் உண்டா? – வாசகர், பாளையங்கோட்டை*

பூலோன் அலுவலகம் பார்த்தது பிரான்ஸ், இங்கிலாந்துத் தபாலை. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர், பட்டாணியர், கட்வாலியர், கூர்க்காக்கள். அதனால் உருதுவும் குர்முகியும் இந்தியும்தான் அதிகம். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் போனது பஸ்ரா இருக்கும் மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிப் பெரிய தோல்வியைச் சந்தித்த படைகளில் ஒன்று. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 மகா யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள்' என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் இருக்கிறது. அதிலும் பெயர் கிடையாது.

தணிக்கை அலுவலகத்தில் தங்கியவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள்தான். மூலக் கடிதங்கள் வீடுகளுக்கே போய்விட்டன. இன்னும் மிச்சம் இருந்தால், அவை நம் வீட்டுப் பரண்களில்தான் இருக்க வேண்டும்.

*கேள்வி: எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் 1917ஆம் வருடக் கடிதங்கள் சில இருக்கின்றன. மடிப்பில் கிழிகின்றன. லேமினேட் செய்யலாமா? – வாசகர், ஆம்பூர்*

தயவுசெய்து வேண்டாம் ஐயா. லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் தாள் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள், கொஞ்ச வருடத்தில் பழுப்புக் கறை விட்டு எழுத்தைத் தின்றுவிடும். மடிப்பை மெல்லப் பிரித்து, இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வெயில் நேராக விழக் கூடாது. உறையை எறிந்துவிடாதீர்கள்: அதிலுள்ள களத் தபால் நிலைய எண், தணிக்கை முத்திரை, தேதி ஆகிய மூன்றும் கடிதம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உதவும். அமிலமில்லாத தாள் உறையில் வைத்து, டிரங்குப் பெட்டியை விட்டு ஈரமில்லாத அலமாரிக்கு மாற்றுங்கள்.

வெள்ளிப் பதக்கம் ஏதாவது உருக்காமல் மிஞ்சியிருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்றால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் பொறித்திருக்கும். குடியாத்தம் வாசகியும் இதைச் செய்யலாம். அந்த விவரத்தை வைத்துக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், கல்லில் வெட்டாத பெயர்களும் அதன் பதிவேட்டில் இருக்கின்றன. பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் யாரோ ஒரு குமாஸ்தா என்பதால் நாலைந்து விதமாக எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.