பிண்ணாக்கைக் கூட்டியும் எஸ்.என்.எஃப். ஏறவில்லையே? – கறவை மாடு கேள்வி பதில்

கேள்வி: கலப்பினப் பசு, கன்று ஈன்று 20 நாள் ஆகிறது. 14 லிட்டர் கறந்தது, இப்போது 10. கொழுப்பு 5 சதவீதத்தைத் தொடுகிறது, எஸ்.என்.எஃப். (புரதம், லாக்டோஸ் போன்ற, கொழுப்பு நீங்கலான திடச்சத்து) மட்டும் 7.8க்கு மேல் ஏறவில்லை. தினமும் ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கு கூடுதலாக வைத்தும் பயனில்லை. இப்போது அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குப் போய்விடுகிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: கடைசி வரியில் நீங்களே நோயைச் சொல்லிவிட்டீர்கள். ஈன்ற மூன்றாம் வாரத்தில் தவிட்டையும் பிண்ணாக்கையும் ஒதுக்கி வைக்கோலைத் தேடும் மாட்டுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கீட்டோசிஸ், அதாவது உடல் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்து கீட்டோன் என்ற பொருள் இரத்தத்தில் சேரும் நோய். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது போன்ற சிறு கருவியிலேயே கால்நடை மருத்துவர் இரத்தத்தில் கீட்டோனை அளந்துவிடலாம். லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால், வெளியே தெரியாவிட்டாலும் நோய் உள்ளே இருக்கிறது.

14 லிட்டர் பால் என்றால் அதில் சுமார் 400 கிராம் புரதமும் 650 கிராம் லாக்டோஸும் போகின்றன. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செய்யக் குளுக்கோஸ் வேண்டும். நம்மைப் போல் மாடு அதைக் குடலிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்வதில்லை. ஏறக்குறைய முழுவதையும் கல்லீரல்தான் செய்துகொள்கிறது. அதற்கான முதன்மை மூலப்பொருள், பெருவயிற்றில் தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் புரோப்பியோனிக் அமிலம். மாடு தீவனம் எடுக்காவிட்டால் அது குறைந்துபோகும். அப்போது கல்லீரல் தசைப் புரதத்தில் கை வைக்கிறது. அலனின், குளூட்டமின் போன்ற அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் செங்கற்கள்) தசையிலிருந்து கரைந்து வந்து குளுக்கோஸாகின்றன. மடிக்குப் போய்க் கேசீன் என்ற பால் புரதம் ஆக வேண்டிய சரக்கு அடுப்பில் விறகாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உடல் கொழுப்பும் கரைகிறது. அதனால்தான் பாலில் கொழுப்பு ஏறிப் புரதம் இறங்குகிறது. கொழுப்பு 5 என்று மகிழ்ந்துவிட வேண்டாம், அது மாட்டின் முதுகிலிருந்து வந்த கொழுப்பு.

மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. கல்லீரலில் வந்து குவியும் கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியேற்றும் வேலையில் அதற்குப் பங்கு இருக்கிறது. அது பற்றாமல் போனால் கல்லீரலில் கொழுப்பு தங்கிவிடும்.

கடலைப் பிண்ணாக்கு ஏன் உதவவில்லை? அதன் புரதத்தில் பெரும்பகுதி பெருவயிற்றிலேயே சிதைந்து அம்மோனியாவாகிறது. அதைப் புரதமாக மாற்றிக்கொள்ள நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்து வேண்டும். தீனி குறைந்த மாட்டில் அது ஏது? மிஞ்சிய அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியேற்றும் சுமையும் அதே கல்லீரலின் தலையில்தான் விழுகிறது.

கூடுதல் பிண்ணாக்கை நிறுத்துங்கள். மருத்துவரை அழைத்து டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஊசி போடச் சொல்லுங்கள். அவர் சொன்னால் புரோப்பிலீன் கிளைக்கால் நாளுக்கு 300 மில்லி, ஐந்து நாள் வரை வாய்வழி தரலாம். வெல்லம் கரைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம், ஆனால் அது குளுக்கோஸாகக் குடலைச் சேருவதில்லை, பெருவயிற்றிலேயே நொதித்துவிடுகிறது. பசி திரும்பிய பின் மக்காச்சோள மாவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அடுத்த ஈற்றுக்கு முன், பால் வற்றிய காலத்தில் மாட்டைக் கொழுக்க வைக்காதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: கோழித் தீவனத்தில் கலக்கும் மெத்தியோனின் பொடியை மாட்டுக்கும் கலக்கலாமா?

பதில்: பணம் வீண். கோழிக்கு அது நேராகக் குடலுக்குப் போகிறது. மாட்டிலோ நடுவில் நிற்கும் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பெருவயிற்றைத் தாண்டிச் செல்லும்படி மேற்பூச்சு இட்ட மெத்தியோனின் தனியாகக் கிடைக்கிறது. அதுவும் 20 லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்குத்தான் கணக்குக்கு வரும். எட்டு லிட்டர் மாட்டுக்கு எள்ளுப் பிண்ணாக்கு கொஞ்சம் சேருங்கள். அதில் மெத்தியோனின் அதிகம், லைசின் என்ற மற்றோர் அமினோ அமிலம் குறைவு. சோயாப் பிண்ணாக்கில் இது தலைகீழ். இரண்டும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்.

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று அளவுக்கு மீறிச் சோறு தின்றுவிட்டது. மருத்துவம் செய்து பிழைத்தது. இப்போது நொண்டுகிறது. சோற்றுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு இருக்கிறது. வெந்த அரிசி பெருவயிற்றில் மளமளவென்று நொதித்து லாக்டிக் அமிலமாகிறது. சாதாரணமாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவை) 5.5க்கும் கீழே விழுகிறது. அந்தப் புளிப்பில் சில நுண்ணுயிர்கள் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அமிலத்தோடு ஹிஸ்டமினும், செத்த நுண்ணுயிர்களின் நச்சும் சேர்ந்து குளம்புக்குள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. விளைவு குளம்பழற்சி, நொண்டல் சில வாரம் கழித்துக்கூடத் தெரியலாம். குளம்பைச் சீவிச் சரிசெய்யத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள், தரையில் மணலோ வைக்கோலோ பரப்புங்கள். வருகிற பொங்கலுக்கு ஒரு கைப்பிடி ஊட்டினாலே மாட்டுக்கு மரியாதை செய்தாயிற்று.

கேள்வி: சூபாபுல் தழை புரதச்சத்து நிறைந்தது என்று தாராளமாகப் போட்டோம். மாட்டுக்கு வால் முடி கொட்டுகிறது.

பதில்: காரணம் மைமோசின். அதுவும் ஓர் அமினோ அமிலந்தான், ஆனால் புரதம் கட்ட உதவாத வகை. முடியை உதிர்க்கும், தைராய்டையும் பாதிக்கும். ஹவாயித் தீவின் ஆடுகள் இதே தழையைத் தின்றும் நலமாயிருப்பதைக் கவனித்தார் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். அவற்றின் பெருவயிற்றில் இந்த நஞ்சை முறிக்கும் பாக்டீரியா இருந்தது. 1980களில் அது ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றப்பட்டது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள், மீதிக்கு வேலிமசாலும் கம்பு நேப்பியரும் போதும்.

கேள்வி: யூரியா தெளித்த வைக்கோல் புரதம் தரும் என்கிறார்களே, உரம் எப்படிப் புரதமாகும்?

பதில்: மாடு ஆக்குவதில்லை, நுண்ணுயிர் ஆக்குகிறது. யூரியா பிரிந்து வரும் அம்மோனியாவிலிருந்து அமினோ அமிலங்களைக் கட்டும் திறமை அதற்கு உண்டு. குடலில் மாடு பெறும் அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் பொதுவாக இந்த நுண்ணுயிர்ப் புரதத்திலிருந்தே வருகின்றன. மெத்தியோனின் கட்டக் கந்தகம் வேண்டும், எனவே தாது உப்புக் கலவையை விட்டுவிடக் கூடாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயிருக்கே ஆபத்து. தீனி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்து உதறி ஆறவிட்டால் நெடி போய்விடும். அப்படியும் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாதா வைக்கோலோடு கலந்து ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம்.