ரேடியேட்டர் ஃபேன் நின்றதும் மோட்டார் வாங்க ஓடாதீர்கள்

கோடை தொடங்கியதிலிருந்து பழைய கார்களின் ரேடியேட்டர் ஃபேன் பற்றிய கடிதங்களே அதிகம் வருவதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது 2004ஆம் ஆண்டு மாருதி 800. தருமபுரி நகருக்குள் நெரிசலில் நின்றால் வெப்ப முள் மேலே ஏறுகிறது. நெடுஞ்சாலைக்கு வந்ததும் இறங்கிவிடுகிறது. ஃபேன் சுற்றுவதே இல்லை. மோட்டாரை மாற்ற 3,500 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? — பாலக்கோடு

பதில்: மோட்டார்தான் பழுது என்பதை அவர் உங்கள் கண் முன்னே காட்டிய பிறகு மாற்றலாம். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றாலோ ஊர்ந்தாலோதான் ஃபேனின் உதவி தேவைப்படும். ஆகவே நீங்கள் சொல்லும் அறிகுறி ஃபேன் ஓடவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறதே தவிர, ஏன் ஓடவில்லை என்பதைச் சொல்லவில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, வயர், வயர்களை இணைக்கும் கப்ளர் ஆகியவற்றைக் கடந்துதான் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. எப்போது ஓட வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடுவது பழைய கார்புரேட்டர் வண்டிகளில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சூட்டை உணரும் தெர்மோ ஸ்விட்ச். பிற்கால வண்டிகளில் சென்சாரும் கணினிப் பெட்டியும். இவற்றில் எது கெட்டாலும், எர்த் வயர் துருப்பிடித்து விட்டுப்போனாலும், ஃபேன் நிற்கும்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களை நேராக மோட்டாருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இரைச்சலும் தயக்கமும் இல்லாமல் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு வயர் கொண்ட தெர்மோ ஸ்விட்ச் உள்ள வண்டியில், அதன் கப்ளரைக் கழற்றி இரு முனைகளையும் இணைத்துச் சாவியைப் போட்டால் ஃபேன் ஓட வேண்டும்; ஓடினால் பழுது ஸ்விட்சில். கணினிப் பெட்டி உள்ள வண்டியில் இப்படி எதையும் இணைத்துப் பார்க்கக் கூடாது. ஏ.சி.யைப் போட்டால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்படி பல வண்டிகளில் அமைத்திருப்பார்கள் என்பதால் அதுவும் ஒரு சோதனைதான், ஆனால் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்குத் தனி ஃபேன் இருக்கும் வண்டிக்கு அது பொருந்தாது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய ஜென் கார் இருந்தபோது இதே பேச்சைக் கேட்டு மோட்டாரை மாற்றினேன். மாற்றிய பிறகும் ஃபேன் ஓடாததால், ஸ்விட்சும் போய்விட்டது என்று அதையும் மாற்றி இரண்டுக்கும் பணம் வாங்கினார்கள். பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி ஒரு முறை பேட்டரியில் வைத்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. நீங்கள் வேலைக்கு விடும்போதே, கழற்றும் பொருள் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஃபேனின் ஃபியூஸ் வாரம் ஒரு முறை எரிகிறது. அதைவிடக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போட்டதும் சரியாகிவிட்டது. இப்படியே ஓட்டலாமா? — பென்னாகரம்

பதில்: கூடாது, இன்றே அதை எடுத்துவிடுங்கள், ஏனெனில் இனி ஃபியூஸுக்குப் பதிலாக வயர்தான் எரியும்.

கேள்வி: உதிரி பாகக் கடை ஒன்றில் 2,600 ரூபாய்க்குப் புதிய ஃபேன் மோட்டார் வாங்கினேன். பன்னிரண்டாம் நாள் நின்றுவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், "மின் சாதனங்களுக்கு உத்தரவாதம் கிடையாது, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள். பில் இருக்கிறது. வழி உண்டா? — கிருஷ்ணகிரி

பதில்: வழி உண்டு. பில்லைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். அந்தப் பலகையைப் பற்றி நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அது கடைகளிலிருந்து இறங்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

ஒருவர் வீட்டில் கல்லாகக் கிடக்கும் மோட்டாருக்கு உழைத்த பணத்தைக் கொடுத்துவிட்டு, கல்லாவுக்கு மேலே தொங்கும் ஓர் அட்டையைப் பார்த்துத் தலை குனிந்து திரும்புகிறார் என்றால், அந்த அட்டையைச் சட்டம் என்று அவர் நம்புவதுதான் காரணம். அது சட்டம் அன்று. 2020 ஜூலை 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவு, முறையற்ற வணிகச் செயல்கள் எவை என்று வரிசைப்படுத்துகிறது. விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது அவற்றில் ஒன்று. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, அப்படிக் காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாள்களுக்குள்ளோ, திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது இன்னொன்று. மனம் மாறியதால் திருப்பித் தரும் நல்ல பொருளைக் கடைக்காரர் வாங்க மறுக்கலாம், அது வேறு. ஓடாத மோட்டார் குறைபாடுள்ள பொருள். மின் சாதனம் என்பதால் அதற்குச் சட்டத்தில் விலக்கு ஏதும் இல்லை.

கடைக்காரர் சொல்லக்கூடிய நியாயமான மறுப்பு ஒன்றே ஒன்றுதான்: உங்கள் வண்டியின் வயரிங் கோளாறால் மோட்டார் எரிந்தது என்பார். அதற்கு இப்போதே தயாராகுங்கள். மோட்டாரைப் பொருத்திய மெக்கானிக்கிடம், ஃபியூஸ் உரிய அளவில் இருக்கிறது, வயரிங் சரியாக இருக்கிறது, பேட்டரியில் நேராக இணைத்தும் மோட்டார் ஓடவில்லை என்று தேதியிட்டு எழுதி வாங்குங்கள். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கவோ வேறு எங்கும் கொடுத்துப் பழுது பார்க்கவோ வேண்டாம். பிறகு மோட்டாரை மாற்றித் தரும்படி அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால் இந்த வாரமே அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2,600 ரூபாய்க்காக ஆணையத்துக்குப் போவதா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். போங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்தே இழப்பீடு கேட்கலாம்.

கேள்வி: நான் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவன். தொழிலுக்கு வாங்கிய உதிரி பாகத்துக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது என்கிறார் கடைக்காரர். உண்மையா? — ஓசூர்

பதில்: இல்லை. சுயதொழிலாகச் செய்து அதில் பிழைப்பவர், அந்தப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு அவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்குகிறது.

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன் ஃபேனைப் பழுது பார்த்தேன். போன வாரம் உறவினர் திருமணத்துக்குப் போகும் வழியில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதால் மேலும் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இப்போது ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 18,000 ரூபாய் செலவு என்கிறார்கள். பழைய மெக்கானிக் மீது வழக்குப் போடலாமா? பில் வாங்கவில்லை. — காவேரிப்பட்டினம்

பதில்: பில்லும் இல்லாமல், சிவப்பைத் தொட்ட முள்ளையும் பார்த்துக்கொண்டே பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முழுச் செலவையும் அவர் தலையில் கட்ட நினைப்பது நியாயமில்லை. ஃபேன் மீண்டும் நின்றதற்கு அவர் பொறுப்பாகலாம். எஞ்சின் சூட்டில் அதன் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போனதற்கு, வண்டியை நிறுத்தாத நீங்களே பொறுப்பு. சூடு ஏறுவது தெரிந்ததும் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்திருந்தால் முகூர்த்தம் தவறியிருக்கும், பணம் தப்பியிருக்கும். பணத்தை ஜிபே வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைக் காட்டி, ஃபேன் வேலைக்கான கூலியையும் பொருளின் விலையையும் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஃபேன் செட் வாங்கிப் பொருத்தினேன். ஓடுகிறது, ஆனாலும் வண்டி சூடாகிறது. பொருள் போலியா? — அரூர்

பதில்: போலி என்று முடிவு கட்டுவதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு ஃபேன் சுற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால், வயர்களை மாற்றிக் கொடுத்ததால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றுகிறது. வயர்களை இடம் மாற்றினால் தீர்ந்தது. காகிதம் ஒட்டியும் சூடு குறையாவிட்டால், பெட்டியில் உற்பத்தியாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்றும், அந்தப் பொருள் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதா என்றும் பாருங்கள். குறை இருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

கேள்வி: ஸ்விட்ச் கிடைக்கவில்லை என்று சொல்லி, சாவி போட்டதுமே ஃபேன் ஓடும்படி "டைரக்ட்" கொடுத்துவிட்டார் எலக்ட்ரீஷியன். ரேடியேட்டருக்குப் போகும் வால்வையும் கழற்றிவிட்டார். இனிச் சூடே ஆகாது என்கிறார். 1,200 ரூபாய் வாங்கினார். — காரிமங்கலம்

பதில்: வழியில் நின்ற வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்க டைரக்ட் கொடுப்பது நல்ல உபாயம்தான். அதையே நிரந்தர வேலையாக விற்றுப் பணம் வாங்கியிருப்பதுதான் தவறு. எந்நேரமும் ஓடும் மோட்டாரில், மின்சாரம் கடத்தும் கார்பனும் சுழல்தண்டைத் தாங்கும் புஷ்ஷும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடையில் ரிலே வைக்காமல் சாவி ஸ்விட்ச் வழியாகவே இழுத்திருந்தால், அந்த ஸ்விட்சின் முனைகளும் கருகும். வால்வு என்று நாம் சொல்லும் தெர்மோஸ்டாட், கூலண்ட் ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்தி, எஞ்சின் விரைவில் உரிய சூட்டை அடைய உதவுவது. அதைக் கழற்றினால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். வால்வைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், ஸ்விட்சைச் சேலத்திலாவது ஓசூரிலாவது தேடுங்கள். அந்த 1,200 ரூபாய் எதற்கெதற்கு என்று பிரித்து எழுதிய பில்லைக் கேளுங்கள்.

கேள்வி: கூலண்டுக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் என்ன? கூலண்ட் விலை அதிகமாக இருக்கிறதே. — ஊத்தங்கரை

பதில்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள், அது ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். பிறகு ஃபேன் எவ்வளவு ஓடினாலும் சூடு இறங்காது. விலையைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள்: அப்படியே ஊற்றுவது, தண்ணீர் கலந்து ஊற்றுவது என்று கூலண்ட் இரு வகையாக விற்கப்படுகிறது. இரண்டாவது வகையின் விலை கூடுதலாகத் தெரிந்தாலும், டப்பாவில் எழுதியுள்ள விகிதத்தில் வாலை வடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) கலந்தால் அளவு பெருகும். ஊற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

கேள்வி: உடைப்புக் கடையில் பழைய ஃபேன் மோட்டார் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? — பர்கூர்

பதில்: உங்கள் முன்னால் பேட்டரி கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் வாங்கலாம்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். ஃபேன் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? — தேன்கனிக்கோட்டை

பதில்: இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள், அதுவே எனக்கு மகிழ்ச்சி. நான் கேட்கவில்லை. ஒரு மார்கழிக் காலையில் ஓசூரில் பழைய சான்ட்ரோ ஒன்றைப் பார்த்து, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டி, அன்றே வாங்கிவிட்டேன். அந்தக் குளிரில் ஃபேன் ஓட வேண்டிய தேவையே எழவில்லை. சித்திரையில் சேலத்திலிருந்து திரும்பும்போது, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறிய சிறிது நேரத்தில் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்திப் பார்த்தபோது, ஃபேனுக்குப் போகும் வயரைத் துண்டித்து, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது தெரிந்தது. விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

ஆகவே எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்டின் நிறத்தைப் பாருங்கள். துரு நிறத்தில் இருந்தாலோ எண்ணெய் மிதந்தாலோ அந்த வண்டி வேண்டாம். பிறகு மூடியைப் போட்டு, ஏ.சி.யை அணைத்து, வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். முள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்க, ஃபேன் தானாக ஓடத் தொடங்கி, சில நிமிடங்களில் தானாக நிற்க வேண்டும். இதற்கு இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். ஃபேன் ஒரு முறை ஓடி நின்றதைப் பார்த்த பிறகு, இரண்டாம் முறையும் ஓடுகிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.