ஆபிரகாம் லிங்கனின் கொடிவழி: பெயரால் கிடைக்காததை நிலப் பத்திரம் தந்தது

பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறி, பிறகு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறிக்கொண்டே இருந்த ஒரு குடும்பத்தின் வம்சாவளியை எப்படி நம்பகமாகக் கண்டறிகிறார்கள் என்பது கேள்வி. அந்நாட்டின் பழைய நில ஆவணங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் படிப்பதில் எனக்கு நெடுநாளைய ஈடுபாடு உண்டு. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்: குடும்பப் பெயரைத் தேடிக்கொண்டு போகிறவர் பாதி வழியில் நின்றுவிடுவார், நிலத்தைத் தொடர்ந்து போகிறவரே மூதாதையரைச் சென்றடைவார். இதற்கு லிங்கன் குடும்பத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆபிரகாம் லிங்கனுக்கே தம் முன்னோரைப் பற்றி மிகக் குறைவாகத்தான் தெரிந்திருந்தது. 1848இல் அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்ற வரலாற்று ஆர்வலர் அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கடிதம் எழுதி விசாரித்தார். தம் தந்தை ஆறு வயதில் தகப்பனை இழந்து, புதிதாகக் குடியேறிய நாட்டில் வறுமையில் வளர்ந்து, படிப்பே இல்லாதவரானார் என்றும், குடும்ப வரலாறு தமக்குத் தெரியாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் லிங்கன் பதில் எழுதினார். 1859இல் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றுக் குறிப்பில், தம் பாட்டனார் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற மாநில உட்பிரிவு) கென்டக்கிக்கு வந்தவர் என்றும், அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியைச் சேர்ந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையினர் என்றும் குறிப்பிட்டார். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் வாழ்ந்த அதே பெயருடைய குடும்பத்தோடு தம் குடும்பத்தை இணைக்கச் செய்த முயற்சியில் ஈனோக், லீவை, மோர்டிகாய், சாலமன், ஆபிரகாம் என்று இருபக்கமும் ஒரே மாதிரியான பெயர்கள் வழங்கின என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்றும் அதில் எழுதினார். அவ்வளவு நேர்மையாக ஒருவர் தம் அறிவின் எல்லையைச் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெயர் ஒற்றுமையை அவர் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று இணையத்தில் ஒருவர் வரைந்த வம்ச வரைபடத்தை ஆயிரம் பேர் அப்படியே நகலெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த நிதானம் இல்லை என்பது என் வருத்தம்.

பெயர் ஏன் போதாது என்பதற்கு ஹிங்கம் ஊரே சாட்சி. குடியேற்றத்தின் முதல் தலைமுறையிலேயே அந்தச் சிற்றூரில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். நெசவாளர் தாமஸ், ஆலைக்காரர் தாமஸ், பீப்பாய் செய்பவர் தாமஸ், உழவர் தாமஸ் என்று தொழிலை வைத்துத்தான் ஆவணங்கள் அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன. இவர்களுள் நெசவாளர் தாமஸின் தம்பி சாமுவேல் லிங்கனே குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் நேர்வழி முன்னோர். 1637ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்மவுத் துறைமுகத்தில் எழுதப்பட்ட பயணிகள் பட்டியலில், நாரிச் நகர நெசவாளர் ஒருவரின் பணியாளாக, ‘லிங்கார்ன்’ என்ற எழுத்துக்கூட்டலோடும் பதினெட்டு வயது என்ற குறிப்போடும் அவர் இடம்பெறுகிறார். ஆனால் நார்ஃபோக் பகுதியில் உள்ள பழைய ஹிங்கம் ஊரின் தேவாலயப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானம் 1622 ஆகஸ்ட் மாதத்தில் பதிவாகியிருக்கிறது. அதன்படி பார்த்தால் அவருக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிறைந்திருக்காது. வயது முரண்படுகிறது என்பதற்காக ஓர் ஆவணத்தைத் தூக்கி எறிவதும் தவறு, முரண்பாட்டைக் கவனிக்காமல் கடந்து போவதும் தவறு. அந்த நெசவுத் தொழிலும், ஒரே ஊரிலிருந்து வந்து அதே பெயரில் புதிய ஊரை அமைத்த மக்கள் கூட்டமும், அங்கே குடியேறிய சகோதரர்களும் சேர்ந்துதான் பட்டியலில் உள்ளவரும் பதிவேட்டில் உள்ளவரும் ஒருவரே என்ற முடிவுக்கு வலுச் சேர்க்கின்றன. ஒருவரைத் தேடும்போது அவருடைய உறவினரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்தே தேட வேண்டும் என்று வம்சாவளி ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சாமுவேலின் மகன் மோர்டிகாய் 1657இல் பிறந்தவர்; அருகிலிருந்த சிட்யுவேட்டில் இரும்புத் தொழிலும் ஆலையும் நடத்தினார். அவருக்கு 1686இல் பிறந்த மகனும் மோர்டிகாய்தான். அந்த இரண்டாம் மோர்டிகாய்தான் நியூ இங்கிலாந்தை விட்டு நியூஜெர்சிக்குப் போய், அங்கே ஹன்னா சால்ட்டரை மணந்து, பிறகு பென்சில்வேனியாவுக்கு நகர்ந்து, இரும்பு உலை ஒன்றில் பங்குதாரரானார். லிங்கன் தேடிய இணைப்பு அறுந்து கிடந்தது இந்த இடத்தில்தான்.

அதை ஒட்டவைத்தது ஒரு நிலம். 1736இல் இறந்த இரண்டாம் மோர்டிகாய், பென்சில்வேனியா நிலத்தை மற்ற மகன்களுக்கு எழுதிவைத்து, மூத்த மகன் ஜானுக்கு நியூஜெர்சியில் இருந்த முந்நூறு ஏக்கரை உயிலில் கொடுத்திருந்தார். பின்னாளில் பென்சில்வேனியாவில் வாழ்ந்த ஜான் அந்த நிலத்தை விற்றபோது, எழுதிய பத்திரத்தில் தாம் இன்னாரின் மகன் என்பதையும், நிலம் தமக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டியிருந்தது. நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் கேட்பார். விற்கிறவர் தம் உரிமையை மூலம் வரை காட்டுவார். இந்தச் சாதாரண வழக்கம்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மூன்று மாகாணங்களின் லிங்கன்களை ஒரே கொடியில் சேர்த்தது. லிங்கன் உயிரோடு இருந்த காலத்திலும் அந்த ஆவணங்கள் இருக்கவே செய்தன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆனால் இத்தகைய ஆவணத்தைத் தேடுபவர் கவுண்டி எல்லைகளின் வரலாற்றை முதலில் படிக்க வேண்டும். லிங்கன் பெர்க்ஸ் கவுண்டி என்றார்; மோர்டிகாய் இறந்தபோது அப்படி ஒரு கவுண்டியே கிடையாது, அது 1752இல்தான் உருவானது. எனவே அவருடைய உயிலைப் பிலடெல்பியாவின் பதிவேடுகளில் தேட வேண்டும். ஜான் 1768 வாக்கில் வர்ஜீனியாவில் குடியேறிய இடம் அன்று அகஸ்டா கவுண்டி. ராக்கிங்ஹாம் 1778இல்தான் அதிலிருந்து பிரிந்தது. குடும்பம் ஓர் அடி நகராமலேயே அதன் காகிதங்கள் வேறு நீதிமன்றத்துக்குப் போய்விடும். இடம் தவறினால் எவ்வளவு பெரிய தீங்கு நேரும் என்பதற்கு லிங்கனின் பெற்றோர் திருமணமே எடுத்துக்காட்டு: தாமஸ் லிங்கனும் நான்சி ஹேங்க்ஸும் 1806 ஜூனில் கென்டக்கியின் வாஷிங்டன் கவுண்டியில் மணந்துகொண்டார்கள். தேடியவர்கள் அவர்கள் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியிலேயே தேடியதால் பதிவு கிடைக்கவில்லை. திருமணமே நடக்கவில்லை என்ற அவதூறு நெடுங்காலம் உலவியது. லிங்கன் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகே அந்தப் பதிவு வெளிப்பட்டது. தம் பெற்றோரின் நற்பெயரைக் காக்கும் தாள் பக்கத்துக் கவுண்டியில் இருந்தும் அவர் பார்க்க முடியாமல் போனதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

குடும்பக் கதைகளை நம்பலாமா என்றும் கேட்பார்கள். தொடங்குவதற்கு அவை போதும், முடிப்பதற்குப் போதா. முன்னோர் குவேக்கர்கள் என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மோர்டிகாயின் இளைய மகன் ஆபிரகாம், எல்லைப்புற வீரர் டேனியல் பூனின் உறவினளான ஆன் பூனை மணந்தார். சபைக்கு வெளியே திருமணம் செய்ததற்காக அந்தப் பெண்ணைக் குவேக்கர் சபை கண்டித்தது. ஆகவே மாப்பிள்ளை சபையைச் சேர்ந்தவரல்லர். குவேக்கர்களோடு வாழ்ந்த குடும்பம் என்பது உண்மை. வழிவழியாகக் குவேக்கர் குடும்பம் என்பது கதை.

ஏன் இடம் பெயர்ந்தார்கள் என்பதற்கும் நிலமே விடை சொல்கிறது. ஜானின் மகனும் லிங்கனின் பாட்டனாருமான கேப்டன் ஆபிரகாம் 1780களின் தொடக்கத்தில் கென்டக்கிக்குப் போனார். அந்த நிலம் தங்களுடையது என்று போராடிய பூர்வகுடியினரின் தாக்குதலில் 1786இல் கொல்லப்பட்டார். அவர் உயில் எழுதவில்லை. தந்தையின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற பழைய வர்ஜீனியச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அதை மாற்றிய சட்டம் 1787இல்தான் அமலுக்கு வந்தது. அதனால் இளைய மகன் தாமஸ் வெறுங்கையோடு வளர்ந்தார். பின்னர் அவர் உழைத்து வாங்கிய கென்டக்கி நிலங்களும் நிலைக்கவில்லை. அங்கே மரத்தையும் ஓடையையும் எல்லையாக வைத்து அளந்ததால் ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கொண்டாடினார்கள். 1816இல் குடும்பம் இண்டியானாவுக்குப் போனதற்கு அடிமைமுறை ஓரளவு காரணம் என்றும், நில உரிமைச் சிக்கலே முதன்மையான காரணம் என்றும் லிங்கனே எழுதியிருக்கிறார். இண்டியானாவில் மத்திய அரசு 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தை 640 ஏக்கர் சதுரங்களாக அளந்து விற்றதால், அங்கே வில்லங்கம் குறைவு; இன்றைய ஆய்வாளருக்கும் தேடுவது எளிது. 1830இல் அவர்கள் இலினாய்க்கு நகர்ந்தார்கள்.

நீங்கள் ஒரு குடும்பத்தைத் தேடத் தொடங்கினால், 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். குடும்பத் தலைவரை மட்டுமன்றி, அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கு அதுதான். அதற்கு முந்தைய காலத்துக்கு உயில், கிரயப் பத்திரம், வரிப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் மனைவி கணவரின் நிலத்தில் தமக்குரிய வாழ்நாள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட வேண்டியிருந்ததால், வேறெங்கும் பெயரில்லாத பெண்கள் அங்கே கிடைப்பார்கள். வம்சாவளி ஆவணங்களுக்கான பேமிலிசெர்ச் இணையத்தளத்தில் இவற்றின் படங்கள் ஏராளமாக இலவசமாக உள்ளன. அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் குடும்பங்களைத் தேடுவோருக்கு வழி இன்னும் கடினம். பெரும்பாலோரின் பெயர் 1870 கணக்கில்தான் முதன்முதலாக வருகிறது. அதற்கு முன் அவர்களுடைய முன்னோரை, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் தேட வேண்டியிருக்கிறது. பல இடங்களில் முதற்பெயர் மட்டுமே இருக்கும், சில இடங்களில் வயதும் விலையும் மட்டுமே இருக்கும்.