பாஸ்டன் குழுவின் இரண்டாவது ஆல்பம் வெறும் நகலா?

கேள்வி: பாஸ்டன் ராக் குழுவின் 'டோன்ட் லுக் பேக்', முதல் ஆல்பத்தின் நகல்தான் என்கிறார்கள். அதைத் தனியாகக் கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேளுங்கள். அந்தக் குழுவின் மிகச் சிறந்த பாடல் என்று நான் நினைப்பது அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது.

நகல் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 1976-இல் வந்த முதல் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே எழுபது லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றது. அதைச் செதுக்கியவர் குழுவின் தலைவரும் கிட்டார் கலைஞருமான டாம் ஷோல்ஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, போலராய்டு கேமரா நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டு நிலவறையில் தானே அமைத்த ஸ்டுடியோவில் ஆண்டுக்கணக்கில் பாடல்களைப் பதிவு செய்து பார்த்தவர். இரண்டாவது ஆல்பத்துக்கும் அதே மனிதர், அதே நிலவறை முறை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிட்டார்கள், உயரத்தில் நின்று பாடும் பிராட் டெல்ப்பின் குரல். அட்டையில்கூட அதே கிட்டார் வடிவ விண்கலம். ஒலி ஒன்றுபோல இருப்பதில் என்ன வியப்பு? அந்த ஒலியைக் கண்டடைய அவருக்கு அத்தனை காலம் ஆனது. இரண்டே ஆண்டில் அதைத் தூக்கியெறியச் சொல்வது நியாயமே இல்லை.

மிகச் சிறந்தது என்று நான் சொன்ன பாடலுக்கு, 'எ மேன் ஐல் நெவர் பி'க்கு, வருகிறேன். ஆறரை நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. பியானோவும் டெல்ப்பின் அடங்கிய குரலுமாகத் தொடங்குகிறது. தன்னை நேசிக்கும் பெண் தன்னை எவ்வளவு உயர்வாக நினைக்கிறாளோ, அந்த உயரத்துக்குத் தன்னால் ஒருபோதும் வர முடியாது என்று ஒருவன் ஒப்புக்கொள்கிறான். ஹார்டு ராக் பாடகர்கள் மார்தட்டிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு பாட்டு! கிட்டார்கள் நுழையும்போது அவன் சொல்லத் தயங்கியதை அவை சொல்கின்றன. சுருதி விலகாமல் இரண்டு மூன்று கிட்டார்கள் ஒரே மெட்டை வெவ்வேறு ஸ்வரங்களில் சேர்ந்து இசைக்கும் அந்த இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. டெல்ப் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது வித்தை காட்டுகிறார் என்றே தோன்றாது, வலிக்கிறது என்றுதான் தோன்றும். 2007-இல் அவர் இறந்த பிறகு இந்தப் பாடலை அலட்சியமாகக் கேட்க என்னால் முடிந்ததில்லை.

தலைப்புப் பாடல் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. அதற்கு நான் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. நடுவில் எல்லாம் அடங்கி, பிறகு தொடக்கத்துக் கிட்டார் மெட்டு மீண்டும் எழும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் சற்று மெலிந்தது என்பது உண்மை. 'பார்ட்டி' எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. டெல்ப் தானே எழுதிய 'யூஸ்டு டு பேட் நியூஸ்' எளிமையான, நல்ல பாடல். மொத்த ஆல்பமுமே முப்பத்து நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

ஷோல்ஸுக்கே இதில் திருப்தி இல்லை. இசைத்தட்டு நிறுவனம் அவசரப்படுத்தியது, இன்னும் காலம் வேண்டியிருந்தது என்று பின்னாளில் சொல்லிவந்தார். ஆல்பம் முதலிடம் பிடித்தும் அவர் மனம் ஆறவில்லை. அடுத்ததற்கு யார் நெருக்கியும் அசையவில்லை. நிறுவனம் நீதிமன்றம் வரை போனது, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. மூன்றாவது ஆல்பம் வேறொரு நிறுவனத்தின் பெயரில் 1986-இல்தான் வந்தது. அதில் மெருகு கூடியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவதில் இருக்கும் துடிப்பு அதில் குறைவு. கூடுதல் காலம் கிடைத்திருந்தால் இரண்டாம் பக்கம் தேறியிருக்கலாம். முதல் பக்கத்தில் அவர் எதையும் தொடாமல் விட்டது நம் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

கேட்கும்போது பாடல்களை வரிசை மாற்றாதீர்கள். இரண்டாவதாக வரும் 'தி ஜர்னி' பாடகரே இல்லாத, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான இசைத்துண்டு. தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். தலைப்புப் பாடலின் ஆரவாரத்துக்கும் அடுத்து வரும் 'இட்ஸ் ஈஸி'க்கும் நடுவில் கேட்டால்தான் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியும்.