நெட் இல்லாமல் போனில் டிவி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேதாரண்யத்தில் செல்போன் விற்பனை, சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நெட் இல்லாமலே போனில் டிவி பார்க்கும் வசதி வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். 2009, 2010 வாக்கில் நானே சைனா செட் நிறைய விற்றிருக்கிறேன். ஏரியலை இழுத்தால் தூர்தர்ஷன் தெரியும், சில நாள் இலங்கை ரூபவாகினியும் தெரியும். கொஞ்ச நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும். அதையேதான் புதுப் பெயரில் கொண்டுவருகிறார்களா? வெளிநாடுகளில் இது வந்து, ஓடாமல் மூடிவிட்டார்கள் என்று என் மைத்துனர் சொல்கிறார். நல்ல விஷயம் என்றால் ஏன் மூடினார்கள்? டேட்டா இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இது யாருக்கு வேண்டும்?

ர., வேதாரண்யம்

அன்புள்ள ர.,

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி சரி. பல நாடுகளில் மூடினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மூடவில்லை, ஒரே காரணத்துக்காகவும் மூடவில்லை. மக்களிடம் மாதச் சந்தா கேட்ட சேவைகள் சில வருடங்களிலேயே போய்விட்டன. இலவசமாகக் கொடுத்த சேவைகள் நீண்ட காலம் ஓடின, ஆபத்து நேரத்தில் மக்களுக்கு உதவவும் செய்தன. இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்.

முதலில் சைனா செட். அதில் இருந்தது பழைய அனலாக் ட்யூனர். வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்துப் பிடித்த அதே சிக்னலை அது கையடக்கமாகப் பிடித்தது. படம் ஓடும் நேரம் முழுக்க ட்யூனர் விழித்திருக்க வேண்டும், அதனால் சார்ஜ் நிற்காது. பஸ்ஸில் போனால் படம் சிதறும். டிஜிட்டலில் இந்த இரண்டையும் யோசித்துத்தான் செய்தார்கள். 2004இல் ஐரோப்பாவில் வந்த டிவிபி-ஹெச் என்ற தரத்தில், ஒவ்வொரு சேனலின் தகவலையும் கொத்துக் கொத்தாக, விட்டு விட்டு அனுப்பினார்கள். தன் சேனலின் கொத்து வரும்போது மட்டும் ட்யூனர் விழிக்கும், வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடும். இதனால் ட்யூனர் தின்னும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை மிச்சம். ஆக, இப்போது வரப்போவதும் பழைய சைனா செட்டும் ஒன்றல்ல. காற்றில் வரும் சிக்னலை நேரடியாகப் பிடிக்கும் என்ற அளவில்தான் இரண்டும் சொந்தம்.

யூடியூபில் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்டால், கோயில் ஒலிபெருக்கியைச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கோயிலுக்கு ஒரே செலவு, ஒரே வேலை. நெட்டில் பார்ப்பது, அதே பாட்டை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஆள் போய்ப் பாடிவிட்டு வருவது. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அவ்வளவு பேருக்கும் தனித்தனியாக அனுப்பி அதைச் சமாளித்தது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று நம் ஊர் டவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தன, கரண்ட் இருந்தது.

சரி, வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். இதில் ஜப்பானை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் அவர்கள்தான்.

ஜப்பானில் ஒரு டிவி சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் இடம். டிஜிட்டலுக்கு மாறும்போது அதை 13 துண்டாகப் பிரித்தார்கள். 12 துண்டு வீட்டு டிவியின் எச்டி படத்துக்கு. நடுவில் இருக்கும் ஒரே ஒரு துண்டு போனுக்கு. அதனால்தான் அதற்கு 'ஒன்செக்' (ஒன் செக்மென்ட், அதாவது ஒரு துண்டு) என்று பெயர் வந்தது. 2006 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. படம் 320க்கு 180 புள்ளிதான், இன்றைய கண்ணுக்கு ரொம்பச் சின்னது. ஆனால் அந்தத் துண்டை முரட்டுத்தனமாக, எளிதில் உடையாத முறையில் அனுப்பினார்கள். அதனால் ஓடும் ரயிலிலும் பிடித்தது. இதற்கென்று புதிதாகத் தனிக் கோபுரம் எழுப்பவில்லை, தனி அலைவரிசை வாங்கவில்லை. வீட்டு டிவிக்குப் போகிற அதே சிக்னலோடு இது ஒட்டிக்கொண்டு போனது. பார்ப்பதற்கு செல்போன் கம்பெனிக்கு ஒரு யென் கூடக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம். ஒளிபரப்போடு சேர்ந்து போகும் கட்டுப்பாட்டுத் தகவலில், அவசர எச்சரிக்கைக்கென்றே ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற ஒரே ஒரு இலக்கத்தை) ஒதுக்கி வைத்தார்கள். நிலநடுக்கமோ சுனாமியோ வரும்போது அந்த ஒரு பிட் மாறும். தூங்கிக்கொண்டிருக்கும் கருவியை அதைக் கொண்டு எழுப்பலாம். இதைப் பின்னால் சேர்க்கவில்லை, தரத்தை எழுதும்போதே யோசித்து வைத்தார்கள். ஒரு நாடு தன் மக்களின் உயிரை மனதில் வைத்து எழுதிய பொறியியல் என்று இதைச் சொல்வேன்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46க்கு அந்தப் பெரும் நிலநடுக்கம் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். நெட்வொர்க் படுத்துவிடாமல் இருக்க, செல்போன் நிறுவனங்களே குரல் அழைப்புகளைக் கட்டுப்படுத்தின. நிறுவனத்தைப் பொறுத்து 70 முதல் 95 சதவீதம் வரை அழைப்புகள் தடுக்கப்பட்டன. அந்த நேரத்தில், வீட்டுக்கு நடந்தே திரும்பிக்கொண்டிருந்தவர்களும், கரண்ட் போன ஊர்களில் காரின் நேவிகேஷன் திரை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் ஒன்செக்கில்தான் சுனாமிச் செய்தியைப் பார்த்தார்கள். எத்தனை பேர் பார்த்தாலும் அது நெரிசலாகவில்லை.

இவ்வளவு நன்றாக ஓடியது எப்படித் தேய்ந்தது? ஜப்பானில் எந்தப் போனில் என்ன வசதி இருக்க வேண்டும் என்பதை நெட்வொர்க் நிறுவனங்கள் தீர்மானித்துத் தயாரிப்பாளர்களிடம் வாங்கின. அதனால் ட்யூனர் பெரும்பாலான போன்களில் ஏறியது. 2008இல் ஐபோன் அங்கே போனது. அதில் ட்யூனர் இல்லை, யார் கேட்டும் ஆப்பிள் வைக்கவில்லை. மக்கள் ஐபோனுக்கு மாற மாற, ஒன்செக் உள்ள கைகள் குறைந்தன. மற்ற நிறுவனங்களும் படிப்படியாக விட்டுவிட்டன. இன்னொரு அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. ட்யூனர் உள்ள போன் வைத்திருந்தாலே பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேவுக்கு வரவேற்புக் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. டிவியே இல்லாத ஒரு மாணவனுக்கு, ட்யூனர் இல்லாத போனை வாங்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? இலவசமாக இருந்ததற்குப் பின்வாசல் வழியாக விலை வைத்தார்கள் என்பது என் வருத்தம்.

அதே ஜப்பானில் 'நாட்டிவி' என்று காசு வாங்கும் சேவை ஒன்றும் வந்தது. 2012 ஏப்ரலில் மாதம் 420 யென்னுக்குத் தொடங்கினார்கள், 2016 ஜூன் மாதத்தோடு மூடினார்கள். கொரியாவிலும் இதே கதைதான். 2005இல் இரண்டு சேவைகள் அங்கே தொடங்கின. ஒன்று செயற்கைக்கோள் வழி, மாதச் சந்தா. மற்றது தரைக் கோபுரங்கள் வழி, இலவசம். சந்தா சேவை 2012இல் நின்றது. ஒரே செயற்கைக்கோளைப் பங்கிட்டுக்கொண்டு ஜப்பானில் நடந்த சந்தா சேவை அதற்கும் முன்பே, 2009இல் நின்றிருந்தது. கொரியாவின் இலவசச் சேவை தொடர்ந்தது. சியோல் மெட்ரோவில் மண்ணுக்கடியிலும் அது தெரிந்தது.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி இத்தாலியில் டிவிபி-ஹெச் சந்தா சேவை தொடங்கியது. 2008இல் ஐரோப்பிய ஆணையம் அந்தத் தரத்துக்கு ஆதரவு முத்திரையே குத்தியது. ஜெர்மனியில் ஒரு கூட்டமைப்பு உரிமம் வாங்கி, சந்தாவுக்கு ஆள் சேர்க்கக் கிளம்பியது. அதே 2008இல் அங்குள்ள செல்போன் நிறுவனங்கள், வீட்டு டிவியின் இலவச சிக்னலையே பிடிக்கும் போன்களைக் கடையில் வைத்து விற்றன! சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு யார் மாதாமாதம் காசு கட்டுவார்கள்? கூட்டமைப்பு கலைந்தது. அமெரிக்காவில் சிப் நிறுவனமான க்வால்காம் தனி அலைவரிசை வாங்கி, தனிக் கோபுரங்கள் போட்டு 'மீடியாஃப்ளோ' நடத்தியது. 2011 மார்ச்சில் அதுவும் நின்றது. அந்த அலைவரிசையை ஏடி அண்ட் டிக்கு 192.5 கோடி டாலருக்கு விற்றார்கள். மைத்துனரிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். மூடப்பட்டதெல்லாம் தொழில்நுட்பம் தோற்றதால் அல்ல.

நம் நாட்டிலும் இது முதல் முயற்சி இல்லை. 2007இல் தூர்தர்ஷன் டெல்லியில் நோக்கியாவோடு சேர்ந்து டிவிபி-ஹெச் சோதனை செய்தது. 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில், போனில் ஒரு டாங்கிள் செருகினால் தூர்தர்ஷன் சேனல்கள் இலவசமாகத் தெரியும் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். உங்கள் கடையில் யாராவது வந்து அந்த டாங்கிளைக் கேட்டதுண்டா? போனுக்குள்ளே இல்லாததைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள மாட்டார்கள் மக்கள்.

இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுவது டி2எம், அதாவது கோபுரத்திலிருந்து நேரே போனுக்கு. ஐஐடி கான்பூரும் பெங்களூருவின் சாங்க்யா லேப்ஸும் இதில் வேலை செய்திருக்கின்றன. 19 நகரங்களில் சோதனை நடக்கும் என்று 2024 ஜனவரியில் ஒளிபரப்புத் துறைச் செயலர் சொன்னார். 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கு ஒதுக்கும் பேச்சும் அப்போது வந்தது. 2025இல் லாவா, எச்எம்டி நிறுவனங்கள் இந்த வசதியுள்ள போன்களை அறிவித்தன. எதிர்ப்பும் உண்டு. ஒரு போனின் விலை 30 டாலர் வரை கூடும் என்று பெரிய நிறுவனங்கள் 2023இலேயே அரசிடம் சொல்லிவிட்டன. டேட்டா விற்கிற நெட்வொர்க் நிறுவனங்களுக்கும் இதில் விருப்பம் இருக்கக் காரணமில்லை. இந்த இரண்டு தரப்பும் ஒத்துழைக்காமல் ட்யூனர் போனுக்குள் ஏறாது. ஜப்பானில் அதை ஏற்றியது நெட்வொர்க் நிறுவனங்கள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நம் அரசு செய்ய வேண்டிய வேலை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

டேட்டா மலிவாக இருக்கும்போது யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாரண்யத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா உங்கள் ஊர்ப்பக்கம்தான் கரையேறியது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் டவர்கள் செயலிழந்தன, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. அந்த நாட்களில் டேட்டா என்ன விலை என்பதற்கு அர்த்தமே இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எந்தச் சாலை திறந்திருக்கிறது, அடுத்த மழை எப்போது என்பதெல்லாம் வாய்வழியாக, அரைகுறையாக வந்தன. 2023இல் எல்லார் போனிலும் அலறிக்கொண்டு ஒரு சோதனை எச்சரிக்கை வந்ததே, அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் செல்போன் டவர் உயிரோடு இருந்தால்தான் வரும். புயல் தாக்கிய ஊருக்கு வெளியே, ஜெனரேட்டரோடு நிற்கும் ஒரு உயரமான ஒளிபரப்புக் கோபுரம் பல கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டும். புயலில் அதற்கும் ஆபத்து உண்டுதான், ஆனால் நூற்றுக்கணக்கான டவர்களை மீட்பதைவிட ஒன்றைக் காப்பது சுலபம்.

எனவே டி2எம்மை கிரிக்கெட்டும் சினிமாவும் விற்கும் சரக்காகத் தொடங்கினால், நாட்டிவியும் மீடியாஃப்ளோவும் போன வழியிலேயே இதுவும் போகும் என்று நினைக்கிறேன். பேரிடர்ச் செய்தியும் தூர்தர்ஷன் சேனல்களும் சிம் இல்லாமல், ரீசார்ஜ் இல்லாமல், எல்லாப் போனிலும் இலவசமாகத் தெரிய வேண்டும். அதுவும் முதலில் கடற்கரை மாவட்டங்களில். 19 நகரங்களில் தொடங்குவது சோதனைக்கு வசதி, ஆனால் இது அதிகம் தேவைப்படுவது நாகப்பட்டினத்திலும் கடலூரிலும்தான்.

கடைக்காரராக நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த அலைவரிசையின் அலைநீளம் சுமார் அறுபது சென்டிமீட்டர். அதை நன்றாகப் பிடிக்கப் பதினைந்து சென்டிமீட்டர் அளவுக்காவது ஆன்டெனா வேண்டும். சைனா செட்டில் ஏரியல் இழுத்ததும், ஜப்பானில் இயர்போன் வயரையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தியதும் அதனால்தான். இன்று பல போன்களில் இயர்போன் துளையே இல்லை. போனில் எஃப்எம் ரேடியோவை முடக்காதீர்கள் என்று 2023இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியும், எஃப்எம் இல்லாத போன்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. டி2எம் போன் உங்கள் கடைக்கு வந்தால், பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கடைக்குள்ளேயும் தெருவிலும் ஓடும் பஸ்ஸிலும் வைத்துப் பாருங்கள். அதுவரை, 'நெட் இல்லாமல் டிவி' என்று சொல்லி யாராவது ஆப் இறக்கச் சொன்னால், ட்யூனர் இல்லாத போனில் எந்த ஆப்பாலும் அது முடியாது என்று உங்கள் வாடிக்கையாளர்களிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.