மறு: 2004, 2009 மத்திய சென்னை முடிவுகளை எப்படி ஒப்பிடுவது?

மத்திய சென்னை மக்களவைத் தொகுதியின் 2004, 2009 தேர்தல் முடிவுகளை ஒப்பிடுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வீடு மாறாமலேயே உங்கள் குடும்பம் 2004இல் ஒரு தொகுதிக்கும் 2009இல் வேறொரு தொகுதிக்கும் வாக்களித்ததில் குழப்பம் வேண்டாம். மாறியது எல்லைதான். 2008 தொகுதி மறுசீரமைப்பில் தொகுதிகளின் எல்லைகள் புதிதாக வரையப்பட்டன. வடசென்னையிலிருந்த துறைமுகம் சட்டமன்றத் தொகுதி மத்திய சென்னைக்கு வந்தது. பெயர் அப்படியே இருந்ததால்தான் இந்த ஏமாற்றம்.

ஆகவே இரண்டு ஆண்டுகளின் மொத்த வாக்குகளை நேராக ஒப்பிடாதீர்கள். சட்டமன்றத் தொகுதிவாரிக் கணக்கை எடுத்து, எழும்பூர், ஆயிரம் விளக்கு, அண்ணா நகர் போன்று இரண்டு ஆண்டுகளிலும் மத்திய சென்னைக்குள் இருந்த பகுதிகளை மட்டும் பாருங்கள். அவற்றிலும் உள் எல்லைகள் நகர்ந்திருக்கின்றன. வார்டு பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"என்றைக்கும் தி.மு.க. கோட்டை" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. 1984இல் தமிழகம் முழுக்க அக்கட்சிக்குக் கிடைத்த இரண்டே இடங்களில் இது ஒன்று. 1996 முதல் மூன்று முறை முரசொலி மாறன் வென்றார். ஆனால் 1989, 1991இல் காங்கிரஸின் இரா. அன்பரசு, 2014இல் அ.தி.மு.க.வின் எஸ்.ஆர். விஜயகுமார்! சௌகார்பேட்டை வணிகர், திருவல்லிக்கேணி முஸ்லிம், அண்ணா நகர் நடுத்தர வர்க்கம் எல்லாரும் ஒரே தொகுதிக்குள் இருக்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் அடக்குவது, என் பார்வையில், சோம்பேறித்தனம்.