சொந்த ஊரிலா, வாடகை வீட்டிலா: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கே பதிவு செய்வது?

வாசகியின் கேள்வி: விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். நானும் கணவரும் பல ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம், வாடகை வீடு. குடும்ப அட்டை ஊரில் மாமியாரிடம் இருக்கிறது. மகன் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். கணக்கெடுப்பில் எங்கே பெயர் கொடுப்பது? வாடகைக்கு இருப்பதாகச் சொன்னால் வீட்டுக்காரருக்கு வரிச் சிக்கல் வருமா? நாங்கள் விடுபட்டால்தான் என்ன?

பதில்: நீங்களும் கணவரும் திருப்பூரில்தான் கணக்கில் வர வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பதே அளவுகோல்; குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் எந்த முகவரியில் இருக்கின்றன என்பது இதற்குப் பொருட்டல்ல. ஊரிலும் ஒருமுறை பெயரைச் சேர்த்துவிடும்படி மாமியாரிடம் சொல்லாதீர்கள்; அது இரட்டைப் பதிவாகிவிடும்.

வீட்டைப் பொறுத்தவரை, சொந்தமா வாடகையா என்று கேட்பார்களே தவிர, வாடகைத் தொகையைக் கேட்பதில்லை. 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, நீங்கள் தரும் விவரங்களைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை; அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களைத் தவிர வேறெந்த வழக்கிலும் அவற்றைச் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. ஆகவே உங்கள் பதிலை வைத்து உரிமையாளர்மீது வரி வழக்குத் தொடுக்க இயலாது. அதே சட்டம் பதில் சொல்வதைக் கடமையாக்கி, மறுப்பவருக்கும் தெரிந்தே பொய் சொல்பவருக்கும் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால், கணவரின் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாத பெண்ணை அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்கள் மாமியாருக்கு அந்தத் தயக்கம் இருந்தால் இதை அவரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. நாட்டின் மொத்த எண்ணிக்கையில் இரண்டு பேர் குறைவது தெரியாது. ஆனால் உங்கள் தெருவில், உங்களைப் போன்றே வேலைக்கு வந்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் எல்லோரும் அப்படி நினைத்தால், அந்தத் தெருவே பாதியாகச் சுருங்கிவிடும். 2011 கணக்கெடுப்புக்குப் பின் நடந்த சரிபார்ப்பு ஆய்வில் ஆயிரம் பேருக்குச் சுமார் 23 பேர் விடுபட்டது தெரியவந்தது. கிராமங்களைவிட நகரங்களிலேயே விடுபடுதல் அதிகம். திருப்பூர் நகரிலும் அதை ஒட்டிய நகர்ப்புறப் பகுதிகளிலும் சேர்த்து அந்த ஆண்டு எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 9.63 லட்சம் பேர். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-க்குப் பின் வந்து குடியேறியவர்கள் இன்னும் எந்தக் கணக்கெடுப்பிலும் திருப்பூர்க்காரர்களாக எண்ணப்படவில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒன்று என்ற அளவில் திட்டமிடப்படுகிறது. உள்ளாட்சியில் பட்டியல் சாதியினருக்கான இடங்கள் அவர்களுடைய மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கப்படுகின்றன. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எத்தனை பேருக்கு மானிய தானியம் என்பதும், கடைசியாக வெளியான கணக்கெடுப்பை வைத்தே முடிவாகிறது; அதனால் இன்றும் 2011-இன் எண்ணே ஆள்கிறது. எண்ணப்படாதவருக்கு மட்டுமல்ல, அவர் அருகில் குடியிருப்பவருக்கும் இதனால் இழப்புதான்.

வீட்டுப் பட்டியல் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஒவ்வொரு மாநிலத்திலும் வெவ்வேறு 30 நாட்களில் நடப்பதாக அறிவிக்கப்பட்டுள்ளது; ஆட்களை எண்ணும் பணி 2027 பிப்ரவரியில். நீங்கள் இருவரும் ஷிப்டு வேலையில் இருப்பதால், இணையத்தில் நீங்களே பதிவு செய்யும் வசதி உங்களுக்குப் பொருந்தும். கணக்கெடுப்பாளர் வரும்போது வீடு பூட்டியிருக்கும் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டில் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவையுங்கள். அப்படியும் யாரும் வராவிட்டால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம், கணக்கெடுப்புக்கு அது தேவையில்லை.

மாமியார் ஊரில் தனிக் குடும்பமாகப் பதிவாவார். மகனை விடுதியிலேயே எண்ணுவார்கள். உங்கள் வீட்டுப் படிவத்தில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டாம்.